தம்பிக்கு நீல அட்டை, அக்காவுக்கு விசா முத்திரை

கேள்வி:

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். பெயர் போட வேண்டாம். என் கணவர் திருச்சிக்காரர். கல்யாணமாகி நான் அங்கேதான் போனேன். மூத்தவள் 2008-இல் திருச்சியில் பிறந்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதாகத்தான் இருந்தது, டிக்கெட்டும் எடுத்தாச்சு. ஏழாம் மாதம் நஞ்சுக்கொடி கீழே இருக்கு, பிளேன் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 2011-இல் குடும்பத்தோடு கோலாலம்பூர் வந்துவிட்டோம். மகன் 2012-இல் இங்கே பிறந்தான். அவன் மலேசியக் குடிமகன். மகளுக்கு இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், வருடா வருடம் விசா புதுப்பிக்கிறோம்.

போன வருடம் மகனுக்கு மைகார்ட், அதுதான் குடிமக்களின் நீல அடையாள அட்டை, எடுத்தோம். அன்றைக்கு எல்லாரும் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். மகள் அந்த அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவனோடு சரியாகப் பேசுவதே இல்லை. அவனும் அட்டையை மேசை டிராயரில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறான். மெர்டேக்கா (சுதந்திர தின) மாதத்தில் பள்ளியில் சஜாக் என்ற மலாய்க் கவிதை வாசிக்க இவள் பெயரைக் கொடுத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் மாட்டேன் என்றுவிட்டாள். "ஒவ்வொரு அடியிலும் இது என் நாடுன்னு வருதும்மா, நான் எப்படி வாசிக்கிறது?" என்றாள். டிசம்பரில் திருச்சி போனால் அத்தை பிள்ளைகள் இவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், "மலேசியாக்காரி" என்கிறார்கள். இங்கே வகுப்பில் "இந்தியாக்காரி".

இதற்கு நடுவில் என் அம்மா வேறு. அவர் பிறப்பால் சீனர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறப்புப் பத்திரத்தில் சீனப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். தமிழும் பாசார் (சந்தை) மலாயும்தான் தெரியும். வீட்டில் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. போன வாரம் மகள் கேட்டுவிட்டாள்: "பாட்டி சீனத்தி, அப்பா இந்தியா, நீயும் தம்பியும் மலேசியா. நான் யாரும்மா?" நான், "நீயும் எங்க மாதிரிதான், ஒரு வித்தியாசமும் இல்ல" என்றேன். அழுதுகொண்டே அறைக்குள் போய்விட்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவளுடைய குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு எட்டு மாதமாகிறது. நான்கு வரிக் கடிதம், காரணம் இல்லை. அவளிடம் "இன்னும் புரோசஸ்ல இருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறோம். கடிதம் என் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வு முடியட்டும் என்கிறார் கணவர். சொல்லலாமா? அன்றைக்கு நான் பிளேன் ஏறியிருந்தால் என் பிள்ளைக்கு இந்த நிலை வந்திருக்காதே.

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

சொல்லிவிடுங்கள். எஸ்.பி.எம். வரை காத்திருக்க வேண்டாம். பள்ளியில் சோதனைத் தேர்வு நடக்கும் வாரமாக இருந்தால் அது முடிந்த சனிக்கிழமை சொல்லுங்கள். அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

உங்கள் கணவரின் எண்ணம் புரிகிறது. படிக்கிற பிள்ளையின் மனத்தைக் கலைக்க எந்த அப்பா நினைப்பார்? ஆனால் அவள் மனம் ஏற்கெனவே கலைந்துதான் இருக்கிறது. தான் அறைக்குள் நுழைந்ததும் பெரியவர்களின் பேச்சு நின்றுபோவது பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்? என்னிடம் வரும் இளையோரில் பலர், பெற்றோர் மறைக்கும் விஷயத்தை முன்பே தெரிந்துகொண்டு, பெற்றோருக்காகத் தெரியாததுபோல் இருப்பவர்கள். அந்தப் பாசாங்கே அவர்களைக் களைக்க வைத்துவிடும். நாளைக்கு அவளாகவே அந்தக் கடிதத்தைச் சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்தாள் என்று வையுங்கள். நிராகரித்தது அமைச்சு என்பது பின்னால் போய்விடும். மறைத்தது அம்மா என்பதுதான் முன்னால் நிற்கும்.

"அடையாள நெருக்கடி" என்ற சொல்லையே உளவியலுக்குத் தந்தவர் எரிக் எரிக்சன். 1902-இல் ஜெர்மனியில் பிறந்தவர், தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற தகப்பன் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. வளர்த்தவரையே பெற்றவர் என்று சொல்லி வளர்த்தார்கள். நீலக் கண்ணும் பொன்னிற முடியுமாக இருந்த அந்தப் பையனை யூத ஆலயத்தில் வெளியாள் என்று கேலி செய்தார்கள், பள்ளியில் யூதன் என்று கேலி செய்தார்கள். 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது அவர் தனக்குத் தானே ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார். வெளியில் இரண்டு பக்கமும் வாங்கும் கேலியைப் பிள்ளைகள் எப்படியோ தாங்கிவிடுவார்கள். அதே விஷயத்தில் வீடும் மூடி மறைக்கிறது என்று தெரியும்போதுதான் கால் வைக்க இடமில்லாமல் போகிறது. உங்கள் மகள் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான்.

அடுத்து அந்த விமானம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். பதினேழு வருடமாக இதை நெஞ்சில் சுமக்கிறீர்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தால் குழந்தை இங்கே பிறந்திருக்கும். பெற்றோரில் ஒருவர் குடிமக்களாக இருந்தாலே போதும் என்பதால் சட்டப்படியே மலேசியர் ஆகியிருப்பாள். அது உண்மைதான். ஆனால் அன்றைக்கு நீங்கள் விமானம் ஏறி, வானத்தில் இரத்தப்போக்கு வந்திருந்தால் குடியுரிமை கேட்க ஒரு பிள்ளையே இருந்திருக்க மாட்டாள். டாக்டர் சொன்னதைக் கேட்டீர்கள். பிள்ளையைக் காப்பாற்றினீர்கள்.

தடுத்தது அரசியலமைப்பில் இருந்த ஒரு சொல். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குச் சட்டப்படியே குடியுரிமை கிடைக்க வேண்டுமானால் "தந்தை" மலேசியராக இருக்க வேண்டும் என்று இரண்டாவது அட்டவணை சொல்லியது. தாய் என்ற சொல் அங்கே இல்லை. நீங்களும் உங்கள் கணவரும் இடம் மாறியிருந்தால், அவர் செந்தூல்காரராகவும் நீங்கள் திருச்சிப் பெண்ணாகவும் இருந்திருந்தால், அதே திருச்சி மருத்துவமனையில் அதே நாளில் பிறந்த அதே பிள்ளை மலேசியர் ஆகியிருப்பாள். இதை எதிர்த்துச் சில தாய்மார்கள் ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ் அமைப்போடு சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தி வந்த நாளில் என் அலுவலகத்தில் ஒரு தாய் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு விம்மியது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றிவிட்டது. பிறகு 2024 அக்டோபர் 17 அன்று மக்களவையில் 206 உறுப்பினர்கள் ஆதரித்து அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். தாய்க்கும் தந்தைக்கும் ஒரே உரிமை என்பதுதான் அந்தத் திருத்தம். ஆனால் முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகளை அந்தத் திருத்தம் எட்டவில்லை. உங்கள் மகள் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். அவளிடமும் அப்படியே சொல்லுங்கள். ஒரு பெரியவர் வாயிலிருந்து "இது உனக்கு நடந்த அநியாயம்" என்று கேட்பதற்கும், "எல்லாம் சரியாயிடும்" என்று கேட்பதற்கும் உள்ள தூரம் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு வித்தியாசமும் இல்ல" என்ற வாக்கியத்தை இனி வீட்டில் சொல்லாதீர்கள். அன்பில் சொன்னீர்கள், தெரியும். ஆனால் வித்தியாசம் இருக்கிறதே! விமான நிலையத்தில் நீங்களும் மகனும் ஒரு வரிசை, அவளும் அப்பாவும் வேறு வரிசை என்று பிரிந்து நின்றிருப்பீர்கள். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம். பள்ளியில் நிரப்பும் பாரத்தை நினைத்துப் பாருங்கள். "பங்சா" (இனம்) என்ற இடத்தில் இந்தியா. "வார்காநெகாரா" (குடியுரிமை) என்ற இடத்திலும் இந்தியா. இந்திய இனத்துக்கும் இந்திய நாட்டுக்கும் மலாயில் "இந்தியா" என்ற ஒரே சொல். தம்பிக்கு மேலே இந்தியா, கீழே மலேசியா. அவளுக்கு மேலும் கீழும் இந்தியா. அந்தப் பாரத்தை நிரப்பிக்கொண்டே தலையை நிமிர்த்திப் பக்கத்து மேசைத் தோழி எட்டிப் பார்க்கிறாளா என்று பார்த்திருப்பாள். எத்தனை வருடம்! இதையெல்லாம் பார்த்தவளிடம் வித்தியாசமே இல்லை என்று அம்மா சொன்னால், அவள் கண்ணால் கண்டதைப் பொய் என்று சொல்வதாகிவிடும். அழுதது அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவள் கேட்ட "நான் யாரும்மா?" என்பதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. அரசாங்கப் பதிவில் நான் யார் என்பது ஒன்று. அதற்குப் பதில் தேடுவது பெற்றோரான உங்கள் வேலை. அதைப் பிறகு சொல்கிறேன். நான் எந்த ஊர், யாருடைய ஆள் என்பது மற்றது. அதற்கான பதிலை அவள்தான் சொல்ல முடியும். நீங்கள் பதில் தயாரித்துக் கொடுக்கப் பார்க்காதீர்கள்.

என் தாத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். பேராக்கில் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால்மரம் வெட்டியே வாழ்நாள் போனது. சாகும்வரை சிவப்பு ஐ.சி.தான் (அடையாள அட்டை), நிரந்தரவாசி. பாட்டி இங்கே பிறந்தவர், நீல ஐ.சி. பொதுத்தேர்தல் வந்தால் தாத்தா சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, பாட்டியை வாக்குச்சாவடி வரை நடத்திக் கூட்டிப்போவார். பாட்டி உள்ளே போவார். தாத்தா பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே மழைமரத்தடியில் நின்றுகொண்டிருப்பார். நான் சிறு பிள்ளை, அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். "நீங்க ஏன் தாத்தா போகல?" என்று கேட்டதற்கு, "எனக்கு அங்க வேலை இல்லம்மா" என்றார். அந்தக் குரலை மறக்க முடியவில்லை. அதே தாத்தாவிடம் யாராவது "எந்த ஊருங்க?" என்றால் நாகப்பட்டினம் என்றும் சொல்ல மாட்டார், மலேசியா என்றும் சொல்ல மாட்டார். தோட்டத்தின் பெயரைச் சொல்வார். அட்டை தந்த வலியும் அவருக்கு இருந்தது, ஊர் என்று ஒன்றும் இருந்தது. ஒன்று மற்றதை ரத்து செய்யவில்லை. உங்கள் மகளுக்கும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம்.

இப்போது எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். இருவரும் சேர்ந்து உட்காருங்கள். தம்பி டியூஷனுக்குப் போயிருக்கும் நேரம் நல்லது. கடிதத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள், அவளே படிக்கட்டும். "எட்டு மாசமா உங்கிட்ட மறைச்சோம். அது தப்பு. உன்னைப் பத்தின கடிதம், உனக்கு முதல்லயே காட்டியிருக்கணும்" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். விமானக் கதையை அன்றைக்கே எடுக்காதீர்கள். எடுத்தால் நீங்கள் அழுவீர்கள், அவள் தன் துக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு உங்களைத் தேற்றத் தொடங்குவாள். மூத்த பெண் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் அந்தப் பழக்கம் சீக்கிரம் வந்துவிடுகிறது. அவள் கோபப்படட்டும். கதவைச் சாத்தினால் சாத்தட்டும். சாப்பாட்டு நேரத்துக்குக் கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள், அது போதும்.

கணவருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், இந்தப் பகுதியை அவரிடம் காட்டுங்கள். ஐயா, வீட்டில் எல்லாரும் அந்தப் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது அவள் என்ன கேட்கிறாள் தெரியுமா? அது அப்பாவின் பாஸ்போர்ட். அப்பாவின் நாட்டை வீடே ஒரு நோய்போலப் பேசுகிறது. "இந்தியாக்காரி" என்று வகுப்பில் கூப்பிடும்போது அவளுக்கு வலிப்பதில் ஒரு பங்கு உங்களுக்காகவும்தான். திருச்சியை நீங்கள் அவளுக்கு எப்படிக் கொடுத்திருக்கிறீர்கள்? வருடத்துக்கு ஒருமுறை போய் அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டு வரும் ஊராகவா? நீங்கள் படித்த பள்ளி, சைக்கிளில் போன காவிரிப் பாலம், முதல் சம்பளம் வாங்கிய இடம், இவையெல்லாம் அவளுக்குத் தெரியுமா? அடுத்த முறை அவளை மட்டும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் சுற்றுங்கள். அவள் "லா" போட்டுப் பேசுவதைக் கேட்டு அத்தை பிள்ளைகள் சிரித்தால், சிரிக்கட்டும் என்று விடாமல் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அவள் பேசுவது செந்தூல் தமிழ். திருச்சித் தமிழுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

தம்பியைப் பற்றி. பதின்மூன்று வயதுப் பையன் தன் அட்டையைத் துணிக்கு அடியில் ஒளித்து வைக்கிறான் என்றால் அவனும் இதைச் சுமக்கிறான் என்று அர்த்தம். அக்காவுக்குக் கிடைக்காததை நான் திருடிவிட்டேனோ என்கிற மாதிரி ஒரு எண்ணம். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று அவன் வயதுக்கு ஏற்ப விளக்குங்கள். அவன் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். இருவரையும் பேச வைக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவள் கோபம் தம்பிமேல் இல்லை. தம்பி பக்கத்தில் இருப்பதால் அவன்மேல் விழுகிறது.

உங்கள் அம்மாவை "அம்மா வேறு" என்று ஒரு பிரச்சினையோடு இன்னொரு பிரச்சினையாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளின் கேள்வியை உள்ளிருந்து புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான் என்பது என் எண்ணம். நம் நாட்டில் அவரைப்போல் வளர்ந்தவர்கள் நிறையப் பேர். பெண் பிள்ளை அதிகம், வறுமை, பிறந்த நேரம் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை, இப்படிப் பல காரணங்களால் சீனக் குடும்பங்கள் கைக்குழந்தைகளைத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். தோட்டங்களிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் மூக்குத்தியும் கொண்டையுமாக, பச்சைத் தமிழ் பேசிக்கொண்டு எத்தனை சீன முகத்து அக்காமாரை, பெரியம்மாமாரை நாம் பார்த்திருக்கிறோம். பத்திரத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். முகம் ஒன்று சொல்லும், வாய் ஒன்று பேசும். உங்கள் மகளுக்கு இது புதிதாக நடக்கவில்லை. அந்த வீட்டில் எழுபது வருடத்துக்கு முன்பே தொடங்கிய கதை.

ஆனால் முதலில் உங்கள் அம்மாவிடம் அனுமதி கேளுங்கள். அது அவருடைய கதை. பெற்றவள் கொடுத்துவிட்டாள் என்பதை ஒருவர் எந்த வயதிலும் லேசாகத் தாங்குவதில்லை. "பாட்டியைப் பாரு, எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க" என்று அவரை உதாரணமாகக் காட்டாதீர்கள். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தாரா என்று யாரும் இதுவரை கேட்டதில்லையே. அவர் சம்மதித்தால், எதிரெதிரே உட்கார வைத்து "பேசுங்க" என்று சொல்ல வேண்டாம். தீபாவளிக்கு முறுக்குப் பிழியும்போது பேத்தியைப் பக்கத்தில் விடுங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். மகள் என்ன கேட்கலாம் என்று தவித்தால் சின்னச் சின்னக் கேள்விகள் போதும். பள்ளியில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க பாட்டி? பாசாரில் மீன்கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கன்டோனீஸில் விலை சொன்னால் என்ன செய்வீங்க? இந்த இரண்டாவது கேள்விக்கு இப்படிப்பட்ட ஒரு மூதாட்டி எனக்குச் சொன்ன பதில்: "தமிழ்ல பேரம் பேசுவேன். அவன் ஒரு நிமிஷம் முழிப்பான், அதுக்குள்ள ரெண்டு வெள்ளி குறைச்சிடுவேன்." சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டையும் உங்கள் மகள் பார்க்க வேண்டும்.

கலப்பு என்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. மலாக்கா செட்டிகள் நூற்றாண்டுகளாக வீட்டில் மலாய் பேசி, கோயிலில் பிள்ளையாரைக் கும்பிட்டு வாழ்கிறார்கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் மலாய்ப் பெண்களை மணந்து ஜாவிப் பெரானாக்கான் என்ற ஒரு சமூகமே உருவானது. மலாய்த் திரையுலகின் உச்சம் என்று நாடே கொண்டாடும் பி. ரம்லியின் தந்தை அச்சேயிலிருந்து பினாங்குக்கு வந்தவர். இதையெல்லாம் உங்களுக்காகத்தான் சொல்கிறேன். அவளிடம் பாடமாக எடுக்காதீர்கள். அடிபட்ட பிள்ளைக்கு அந்த நேரத்தில் சரித்திரம் வேண்டியிருக்காது. அவளாக ஒருநாள் தேடி வருவாள், அப்போது பேசலாம்.

இனி காகித வேலை. நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்களோடு நடந்து நடந்து கொஞ்சம் தெரியும். நிராகரித்ததற்குக் காரணம் சொல்லாமல் விடுவது வழக்கம்தான். மறுபடி விண்ணப்பிப்பவர்கள் நிறையப் பேர், இரண்டாவது மூன்றாவது முறை கிடைத்தவர்களும் உண்டு. அரசியலமைப்பின் 15(2), 15ஏ பிரிவுகளின்கீழ் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதற்கு வயது வரம்பும் இருக்கிறது. அதனால் பதினெட்டு முடியும்வரை யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் கோலாலம்பூரில் இருக்கிறது, அங்கே போய் எந்தப் பிரிவில் மனுப் போடலாம் என்று கேளுங்கள். பிறகு புத்ராஜெயாவில் தேசியப் பதிவிலாகாவுக்கு நேரில் போங்கள். திருமணப் பதிவுச் சான்று, மகளின் பிறப்புப் பத்திரம், தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டிலிருந்து இன்றுவரை எல்லாப் பள்ளிப் பதிவுகள், தடுப்பூசிப் புத்தகம், இவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இந்த முறை அவளையும் கூடவே கூட்டிப்போங்கள். அந்தக் கோப்பில் இருப்பது அவளுடைய வாழ்க்கை. எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

விசா ஒருநாள்கூடத் தாண்டக் கூடாது. பள்ளி முடிந்தபின் என்ன அனுமதியில் தங்குவது என்று குடிநுழைவுத் துறையில் இப்போதே விசாரியுங்கள். மேல்படிப்பிலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: குடியுரிமை இல்லாமல் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் கிடைக்காது, பொதுப் பல்கலைக்கழகத்தில் மற்றப் பிள்ளைகள் போகும் வழியில் போக முடியாது. தோழிகளெல்லாம் பாரம் நிரப்பும் நாளில் இதை அவள் தெரிந்துகொள்ளக் கூடாது.

எஸ்.பி.எம். முடித்துத் திருச்சிக்கே போய்விடுகிறேன் என்று அவள் சொல்லக்கூடும். இந்த நிலையில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வார்கள். உடனே அழவும் வேண்டாம், சரியென்று தலையாட்டவும் வேண்டாம். படிக்கவா, தப்பிக்கவா என்று அவளிடமே கேளுங்கள். படிக்கவென்றால், அவள் இந்தியக் குடிமகள், அந்தக் கதவு அவளுக்கு முறையாகவே திறந்திருக்கிறது. நீண்ட காலம் வெளியே தங்குவது இங்கே மறுபடி போடும் விண்ணப்பத்தைப் பாதிக்குமா என்பதை மட்டும் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மலேசியாவும் சரி, இந்தியாவும் சரி, இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஒருநாள் நீல அட்டை கிடைத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அப்போது முன்னாள் குடிமகள் என்ற முறையில் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது குடியுரிமை ஆகாது, வாக்கும் இல்லை, ஆனால் விசா இல்லாமல் போய்வரலாம், தங்கலாம். அப்பாவின் ஊரை இழக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிந்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

சஜாக் வாசிக்க மறுத்ததைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தால், அப்படி நினைக்காதீர்கள். மனத்தில் இல்லாததை மேடையில் சொல்ல மாட்டேன் என்கிறாள். அந்த நேர்மையை மதியுங்கள். அவளுக்கு எழுத வரும் என்றால், தன் வரிகளைத் தானே எழுதட்டும். தமிழிலோ மலாயிலோ, யாருக்கும் காட்டாமலும் இருக்கலாம். நாளைக்கே "நான் செந்தூல்காரி" என்பாள், அடுத்த மாதம் "நான் இந்தியாதான்" என்பாள், பாட்டியோடு பேசியபின் சீனம் கற்க வேண்டும் என்பாள். தம்பி தன்னை மலேசியன் என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருப்பான். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இருவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்று இல்லை. திருத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாட்டை ஒதுக்கி, தோழிகளையும் விட்டுவிட்டு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அல்லது "நான் இல்லாமலே இருந்திருக்கலாம்" என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தால், கோபத்தில் சொல்கிறாள் என்று விடாதீர்கள். அன்றைக்கே அரசாங்கத்தின் 15555 ஹீல் தொலைபேசிச் சேவையை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

என் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறது. அவள் வர விரும்பினால் வரட்டும், அனுப்பி வைப்பதாக இருக்க வேண்டாம். இன்னும் பதினெட்டு ஆகாததால் முதல் நாளில் உங்கள் கையொப்பம் தேவைப்படும், அதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டும். தம்பியையும் கூட்டி வருகிறேன் என்று அவளாகச் சொன்னால், கூட்டி வரட்டும். உள்ளே இன்னொரு நாற்காலி போட இடமிருக்கிறது.